தொழிலறிவுப் பாடம்: லான்ட்மாஸ்ரர் பெட்டிக்குக் கைப்பிறேக் லீவர் தெரிவு செய்வது எப்படி?



பளைப் பக்கத் தென்னந் தோட்டங்களில் தேங்காய், பொச்சு, ஓலை, பசளை, தண்ணீர்ப் பீப்பா எல்லாம் ஏற்றி இறக்குவது லான்ட்மாஸ்ரர் பெட்டியில்தான். லான்ட்மாஸ்ரர் என்பது முதலில் ஒரு இங்கிலாந்துக் கம்பனியின் பெயர். இன்று எந்த நாட்டு இரு சில்லு உழவு இயந்திரமாக இருந்தாலும் எங்கடை ஆக்களுக்கு அது லான்ட்மாஸ்ரர்தான். அதன் பின்னால் பூட்டும் பெட்டிகளில் பல கடையில் வாங்கியவை அல்ல. பழைய காரின் அல்லது வானின் அச்சு, இரும்புச் சட்டம், பலகை ஆகியவற்றை வைத்து ஊர்க் கராச்சிலோ வீட்டு முற்றத்திலோ கட்டியவை.

கட்டும்போது சில்லைப் பார்க்கிறோம், பலகையைப் பார்க்கிறோம், பெயின்றும் வடிவாக அடிக்கிறோம். எல்லாம் முடிந்த பிறகுதான், "கைப்பிறேக்குக்கு ஏதாவது ஒரு லீவர் கிடந்தால் போட்டு விடு" என்று சொல்லுவோம். சில பெட்டிகளில் அதுவும் இல்லை. சில்லுக்குக் கீழே ஒரு கல்லு, அவ்வளவுதான்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஓடுகிற பெட்டிக்குப் பின்னால் ஒருவரும் குனிந்து நிற்க மாட்டார்கள். நிற்கிற பெட்டியைச் சுற்றித்தான் ஆட்கள் நிற்பார்கள். தேங்காய் எறிகிறவர், கீழே நின்று பொறுக்குகிற பெண்கள், நிழலுக்காகப் பெட்டிக்குக் கீழே போய் இருக்கிற பிள்ளைகள், எல்லாரும் அது அசையாது என்ற நம்பிக்கையில் நிற்கிறார்கள். அந்த நம்பிக்கையைத் தாங்குவது கைப்பிறேக். ஆகவே அதைக் கடைசி வேலையாக வைக்காமல், கணக்குப் பார்த்துத் தெரிவு செய்வது எப்படி என்று இந்தப் பாடத்தில் படிப்போம்.

1. யாழ்ப்பாணம் சமதரைதானே?

"ஐயா, எங்கடை இடம் தட்டை. மலைநாட்டிலை எண்டால் சரி, இஞ்சை என்னத்துக்குக் கைப்பிறேக்?" என்று சாரதிமார் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் வீதியிலிருந்து வளவுக்குள் இறங்கும் இடத்தைப் பாருங்கள். மதகு ஏறுமிடம், குளக்கட்டு, கடற்கரையில் வள்ளம் இழுக்குமிடம், இவை எல்லாம் சரிவுதான். பாரம் ஏற்றுவதற்கு நாங்கள் பெட்டியை நிறுத்துவதும் பெரும்பாலும் இப்படியான இடங்களில்தான். பாரமான பெட்டி உருளத் தொடங்குவதற்குப் பெரிய மலை தேவையில்லை. தார் வீதியில், காற்று நிரம்பின ரயர் என்றால், கண்ணுக்குத் தெரியாத சரிவே காணும். உருளத் தொடங்கின பிறகு இரண்டு பேர் பிடித்து நிறுத்த முடியாது.

அதோடு இந்தப் பத்திரிகையை மலைநாட்டுத் தோட்டங்களில் இருக்கும் உறவினர்களுக்கும் நீங்கள் அனுப்பி வைக்கிறீர்கள். அங்கே கொழுந்து ஏற்றும் பாதையில் இந்தப் பாடம் இன்னும் கூடத் தேவைப்படும்.

2. துலாவும் அலவாங்கும்

லீவர் என்றால் நெம்புகோல். எங்களுக்கு இது புதுச் சாமான் அல்ல. கிணற்றடித் துலா ஒரு நெம்புகோல். ஆடுகாலில் அது தாங்கி நிற்கிறது. ஒரு பக்கம் பட்டையும் தண்ணீரும், மற்றப் பக்கம் பாரம். கல்லுக் கிளப்புகிற அலவாங்கும் நெம்புகோல்தான். அலவாங்கின் நுனிக்குக் கிட்ட ஒரு கட்டையை வைத்து, மற்ற நுனியில் அமத்தினால் பெரிய கல்லும் எழும்பும்.

இதில் ஒரு விதி உண்டு. பலத்தில் எவ்வளவு இலாபமோ, தூரத்தில் அவ்வளவு நட்டம். அலவாங்கால் கல்லை ஓர் அங்குலம் கிளப்புவதற்கு உங்கள் கை ஓர் அடி கீழே போக வேண்டும். கைப்பிறேக் லீவரும் இப்படித்தான். அது தாங்கித் திரும்புகிற ஆணியிலிருந்து கைபிடி வரை 30 சென்ரிமீற்றர், அதே ஆணியிலிருந்து கேபிள் பூட்டும் துளை வரை 5 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். 30ஐ 5ஆல் பிரித்தால் 6. அதாவது கையால் 20 கிலோ இழுத்தால் கேபிளில் 120 கிலோ இழுவை வரும். ஆனால் கை 15 சென்ரிமீற்றர் நகர்ந்தால் கேபிள் இரண்டரைச் சென்ரிமீற்றர்தான் நகரும்.

இதனால்தான் "நீளமான லீவர் நல்ல லீவர்" என்று சொல்லுவது அரைகுறை உண்மை. நீளம் கூடினால் பலம் வரும். ஆனால் சூ ட்றமில் இறுகுவதற்கு முன்னமே லீவர் போகிற அளவுக்குப் போய் முடிந்துவிடும். கட்டை லீவர் என்றால் கெதியாய்ப் பிடிக்கும். ஆனால் இறுக்க முடியாது. உங்கள் சில்லுக்கு எவ்வளவு இழுவை வேண்டும், எவ்வளவு தூரம் வேண்டும் என்று அறியாமல் லீவரை வாங்கக் கூடாது. சில்லிலிருந்து தொடங்கிக் கைக்கு வர வேண்டும். கையிலிருந்து தொடங்கிச் சில்லுக்குப் போகக் கூடாது. இந்தப் பாடத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

3. முதலில் அச்சைப் பாருங்கள்

பழைய இரும்புக் கடையில் அச்சு வாங்கும்போது அது காரின் முன் அச்சா பின் அச்சா என்று கேட்டு வாங்குங்கள். பழைய கார்களில் பெரும்பாலும் பின் சில்லு ட்றமுக்குள்தான் கைப்பிறேக்குக்கு உரிய சின்னக் கை இருக்கும். முன் சில்லு ட்றமுக்குள் எண்ணெயால் வேலை செய்யும் சிலிண்டர் மட்டும் இருக்கும். அதை வாங்கி வந்து பெட்டிக்குப் பூட்டினால் கேபிளைக் கொழுவ இடமே இருக்காது.

"எண்ணெய்ப் பிறேக்கையே இறுக்கிக் கட்டி விட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். கூடாது. எண்ணெய் ஒரு சொட்டுக் கசிந்தாலும் அமுக்கம் இறங்கும். காலையில் இறுக்கினது மத்தியானம் தளர்ந்துவிடும். நிறுத்தி வைக்கும் பிறேக் கம்பி, கேபிள், இரும்பு ஆகியவற்றால் மட்டுமே பிடித்து நிற்க வேண்டும்.

ட்றமைக் கழற்றிச் சூவின் லைனிங் தேய்ந்திருக்கிறதா, கிறீஸ் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிறீஸ் பட்ட லைனிங்குக்கு எந்த லீவரும் உதவாது. பிறகு ட்றமைப் பூட்டி, சூவைச் சரியாக அஜஸ்ற் பண்ணி, கேபிளைக் கையால் இழுத்துப் பாருங்கள். தளர்விலிருந்து சூ முட்டுகிற வரைக்கும் கேபிள் எவ்வளவு தூரம் வருகிறது என்று அளவுகோலால் அளந்து எழுதுங்கள். இந்த அளவு இல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

4. ஒரு கணக்கு

கணக்குக்காக ஒரு பெட்டியை எடுப்போம். உரிக்காத தேங்காய் ஒன்று ஒன்றேகால் கிலோ என்று பார்த்தால் 600 தேங்காய் 750 கிலோ. பெட்டி 350 கிலோ, இயந்திரம் 400 கிலோ. எல்லாமாக 1,500 கிலோ.

எவ்வளவு சரிவில் நிற்க வேண்டும்? பாரம் ஏற்றும் வாகனங்களுக்கான ஐக்கிய நாடுகளின் 13ஆம் இலக்கப் பிறேக் ஒழுங்குவிதி, முழுப் பாரத்தோடு 100க்கு 18 சரிவில், மேல் பார்த்தும் கீழ் பார்த்தும் நிற்க வேண்டும் என்று சொல்லுகிறது. இழுத்துச் செல்லப்படும் பெட்டி இயந்திரத்திலிருந்து கழற்றப்பட்டாலும் தனியாக நிற்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெட்டியை அந்த விதிப்படி யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. ஆனாலும் அனுபவப்பட்டவர்கள் போட்ட அளவு என்றபடியால் நாங்களும் அதையே வைத்துக் கொள்ளுவோம்.

100க்கு 18 என்றால் 1,500 கிலோவைக் கீழே இழுக்கிற விசை ஏறத்தாழ 270 கிலோ. ஒரு பெலசாலி தள்ளினால் 30 கிலோ அளவு வரும் என்று வைத்தால், ஒன்பது பேர் ஒன்றாய்த் தள்ளுவதற்குச் சமம். உங்கள் கைப்பிறேக் ஒன்பது பேரைத் தடுத்து நிற்க வேண்டும்.

கை இழுவை எவ்வளவாக இருக்கலாம்? மேற்சொன்ன விதியில் பார வாகனங்களுக்கு மேல் எல்லை சுமார் 60 கிலோ. எங்கள் தோட்டத்தில் பெட்டியை நிறுத்துகிறவர் எப்போதும் வாட்டசாட்டமான இளைஞராக இருப்பதில்லை. வயது போன ஆட்களும் பெண்களும் நிறுத்துவார்கள். ஆகவே 20 முதல் 25 கிலோவுக்குள் பிடிக்க வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இப்போது தூரம். மூன்றாம் படியில் அளந்தது ஒன்றரைச் சென்ரிமீற்றர் என்று வைப்போம். கேபிள் இழுபடும், லைனிங் தேயும். அதற்காக இன்னும் ஒரு சென்ரிமீற்றர். மொத்தம் இரண்டரை. 6 மடங்கு லீவர் என்றால் கை 15 சென்ரிமீற்றர் நகர வேண்டும். இது வசதியான அளவு. 10 மடங்கு என்றால் 25 சென்ரிமீற்றர். பல லீவர்களுக்கு அதற்கு மேல் போக இடம் இருக்காது. 3 மடங்கு என்றால் ஏழரைச் சென்ரிமீற்றர் போதும். ஆனால் அதே இழுவைக்குக் கையால் 40 கிலோ இழுக்க வேண்டும். ஆகவே 5 முதல் 7 மடங்குக்குள் ஒரு லீவரைத் தேடினால் பெரும்பாலும் பிழைக்காது.

லீவரின் கீழ்ப் பக்கத்தில் தடித்த தகடு ஒன்றை ஒட்டி, ஆணியிலிருந்து 4, 5, 6 சென்ரிமீற்றர் தூரங்களில் மூன்று துளை போட்டு வையுங்கள். துளைகளைச் சற்று விலத்திப் போட்டால் தகடு பலம் குறையாது. கேபிளை மாற்றிக் கொழுவிப் பார்த்து, பிடிக்கிற துளையைத் தெரிவு செய்யலாம்.

5. எந்த வகை லீவர்?

(அ) காரில் இரண்டு ஆசனத்துக்கும் நடுவில் இருக்கும் லீவர். நுனியில் பொத்தானை அமத்தினால் விடும். இலகுவாகக் கிடைக்கும். பெட்டிக்கும் பொருந்தும். ஆனால் பொத்தானுக்குள் மண் போனால் இறுகிக் கொள்ளும்.

(ஆ) பழைய லொறி, ஜீப்பில் நிமிர்ந்து நிற்கும் நீட்டு லீவர். பக்கத்தில் பல்லு வெட்டின வில்வடிவத் தகடு இருக்கும். பாரமான பெட்டிக்கு இது நல்லது. பல்லும் கண்ணுக்குத் தெரியும். தேய்ந்தால் உடனே காணலாம்.

(இ) சில வான்களில் டாஷ்போட்டுக்குக் கீழே இருந்து இழுக்கும் குடைப்பிடி. இழுத்துத் திருப்பி விடுவது. இதில் நெம்புகோல் இலாபம் குறைவு. பெட்டிக்கு வேண்டாம்.

(ஈ) திருகுப் பிறேக். கைச்சில்லைச் சுற்றச் சுற்ற இறுகும். ரயில் காட் பெட்டியில் கண்டிருப்பீர்கள். மெதுவாகத்தான் பிடிக்கும், ஆனால் நல்ல பலம். மரை தானே பிடித்துக் கொள்ளும் என்றபடியால் பல்லுத் தேவையில்லை. கழற்றி விட்டு நாள்கணக்கில் நிற்கும் தண்ணீர்ப் பெட்டிக்கு இது மிகவும் உகந்தது.

(உ) ஓட்டோவின் லீவர். அது ஓட்டோவின் பாரத்துக்கு ஏற்றபடி செய்தது. ஒன்றரை ரன் பெட்டிக்கு அதைப் போடுவது, ஆட்டுக்குட்டியை வண்டிலில் பூட்டுகிற மாதிரி.

இருக்கிறதை வைத்துச் செய்வதில் யாழ்ப்பாணத்தாரை வெல்ல ஆள் இல்லை. லொறிச் சட்டத்தின் மேல் மரத்தால் உடல் கட்டிக் கொடிகாமம் – பருத்தித்துறை வீதியில் ஓடின தட்டி வானை யார் மறப்பார்? 1990இல் சண்டை மீண்டும் தொடங்கிப் பெற்றோல், பற்றரி எல்லாம் தடையான காலத்தில் மண்ணெண்ணெயில் காரும் மோட்டார் சைக்கிளும் ஓட்டினோம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ குடும்பங்களின் சட்டி பானையையும் கிழவன் கிழவியையும் லான்ட்மாஸ்ரர் பெட்டிதான் தென்மராட்சிக்குக் கொண்டு வந்தது. அன்றைக்குச் சாமான் இல்லை, கிடைத்ததைப் பூட்டினோம். அது கெட்டித்தனம். இன்றைக்குச் சாமான் கிடைக்கிற நேரத்தில் "அப்ப ஓடினதுதானே" என்று சொல்லிக் கல்லு வைத்து ஓட்டுவது கெட்டித்தனம் அல்ல.

6. பல்லும் நாக்கும்

லீவரை இழுப்பது கை; பிடித்து வைத்திருப்பது பல்லும் அதில் விழும் நாக்கும். பழைய லீவர் வாங்கும்போது கைபிடி பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்காமல், பல்லைத் துடைத்துப் பாருங்கள். பல்லின் முனை கூராகவும் அடி ஆழமாகவும் இருக்க வேண்டும். முனை உருண்டிருந்தால் வாங்க வேண்டாம். பல்லுக்கு மேலே வெல்டிங் குவித்து அரத்தால் அராவிக் கொடுப்பதையும் ஏற்க வேண்டாம். அது முதல் பாரத்தில் பெயரும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். லீவரைக் குறட்டில் இறுக்கி, நாலைந்து பல்லு இழுத்து, கைபிடியில் ஓங்கித் தட்டுங்கள். நாக்கு வழுகினால் திருப்பிக் கொடுத்து விடுங்கள். நாக்கைத் தள்ளும் ஸ்பிறிங் பலமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

7. நுகத்தடி

ஒரு லீவர், இரண்டு சில்லு. இழுவையை எப்படிப் பகிர்வது? மாட்டு வண்டிலின் நுகத்தடியை நினையுங்கள். நடுவில் கட்டு, இரு பக்கமும் மாடு. ஒரு மாடு முந்தினால் நுகம் சரிந்து மற்றதுக்கும் பாரத்தைக் கொடுக்கும். அதேபோல் லீவரிலிருந்து வரும் கேபிளை ஒரு சின்ன இரும்புச் சட்டத்தின் நடுவில் பூட்டி, அதன் இரு நுனியிலிருந்தும் இரண்டு சில்லுக்கும் கேபிள் கொடுத்தால் இரண்டும் ஒரே அளவில் பிடிக்கும். 120 கிலோ இழுவை 60, 60 ஆகப் பிரியும்.

மொறிஸ் மைனர் காரில் வேறு முறை. லீவரிலிருந்தே இரண்டு கேபிள் தனித்தனியாகப் போகும். ஒவ்வொன்றையும் லீவரடியில் உள்ள நட்டால் இறுக்க வேண்டும். அந்த லீவரைப் போட்டால் இரண்டையும் ஒரே அளவில் இறுக்க மறக்க வேண்டாம். ஒன்று தளர்ந்தால் ஒரு சில்லுத்தான் பிடிக்கும். நீங்கள் இரண்டு என்று நினைத்துக் கொண்டிருப்பீர்கள்.

கேபிளைக் கூர்மையாக மடிக்கக் கூடாது. ஒவ்வொரு மடிப்பும் இழுவையில் ஒரு பங்கைத் தின்னும். வெளி உறையின் இரு நுனியும் சட்டத்தோடு அசையாமல் பூட்டப்பட வேண்டும். உறை அசைந்தால் கேபிள் இழுபடாது, உறைதான் வளையும்.

8. எங்கே பூட்டுவது?

லீவர் பெட்டியில் இருக்க வேண்டும், இயந்திரத்தில் அல்ல. சில இயந்திரங்களில் கிளச் லீவரைக் கடைசி வரை இழுத்தால் பிறேக்கும் பிடிக்கும். ஆனால் அது இயந்திரத்தின் சில்லைத்தான் பிடிக்கும். கொழுவி ஆணியைக் கழற்றி இயந்திரத்தை உழவுக்குக் கொண்டு போனால், பெட்டியைப் பிடிக்க ஒன்றும் இல்லை.

சாரதி இருந்த இடத்திலிருந்தே எட்டும்படி பெட்டியின் முன் பக்கத்தில் பூட்டுங்கள். ஏறி இறங்குகிறவரின் காலோ சாரமோ சேலையோ கொழுவிக் கொள்ளாத பக்கமாக இருக்கட்டும். சின்னப் பிள்ளை விளையாட்டாக விடுவிக்க முடியாத உயரத்தில் இருப்பது நல்லது. பலகையிலோ மெல்லிய தகட்டிலோ பூட்ட வேண்டாம். அடிச்சட்டத்தின் இரும்பில், பின்னால் தடித்த தகடு ஒன்று வைத்து, இரண்டு போல்ட்டுக்குக் குறையாமல், தளராத நட்டுப் போட்டுப் பூட்டுங்கள். 120 கிலோ இழுவை கேபிளில் வரும்போது லீவரின் அடியையும் பெரிய இழுவை இழுக்கும் என்பது நினைவில் இருக்கட்டும்.

9. சோதனை

ஆட்கள் இல்லாத இடத்தில், பகலில் செய்யுங்கள். 100க்கு 18 சரிவை அறிய, ஒரு மீற்றர் நீளமான நேர்ச் சட்டத்தின் ஒரு நுனியைச் சரிவில் வைத்து, நீர்மட்டத்தால் கிடையாகப் பிடியுங்கள். மற்ற நுனிக்கும் நிலத்துக்கும் இடையில் 18 சென்ரிமீற்றர் வந்தால் அதுதான் சரிவு.

பாரம் ஏற்றிய பெட்டியை அங்கே நிறுத்தி, சில்லுக்குக் கீழ்ப் பக்கம் ஓரங்குல இடைவெளி விட்டு ஆப்புக் கட்டை வையுங்கள். தோட்டத்து விற்தராசைக் கைபிடியில் கொழுவி இழுங்கள். 20 – 25 கிலோவில் லீவர் பிடித்து, கால் பிறேக்கை விட்ட பிறகும் பெட்டி கட்டையில் முட்டாமல் நின்றால் சரி. பிறகு பெட்டியை மறுபக்கம் திருப்பி இதையே செய்யுங்கள். எல்லா ட்றம் பிறேக்கும் முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒரே அளவில் பிடிப்பதில்லை. ஒரு பக்கச் சோதனை அரைச் சோதனைதான். சரிவு இல்லாத இடத்தில், சமதரையில் ஒன்பது பேரைத் தள்ளச் சொல்லிப் பாருங்கள். அசையக் கூடாது.

மூன்றாம் நாலாம் பல்லில் பிடிக்கத் தொடங்கி, ஆறு முதல் எட்டுக்குள் முழுதாகப் பிடிப்பது நல்ல அளவு. பத்துக்கு மேல் போனால் முதலில் சூவை அஜஸ்ற் பண்ணுங்கள். கேபிளை இறுக்கிச் சூவின் தேய்வை மறைக்க வேண்டாம்.

10. பிறகும் கவனிக்க வேண்டியவை

எங்கள் காற்றில் உப்பு உண்டு. கேபிள் வெளியே நல்லதாக இருந்தாலும் உறைக்குள் கறள் பிடிக்கும். மாதம் ஒருமுறை எண்ணெய் விடுங்கள். ஒரு இழை அறுந்தாலும் கேபிளை மாற்றுங்கள். கடல் தண்ணீருக்குள் இறங்கின பெட்டியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வீதியில் ஓட்டுவதென்றால் பெட்டியின் பதிவு பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

கைப்பிறேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆப்புக் கட்டை இரண்டு பெட்டியிலேயே ஒரு கயிற்றில் தொங்க வேண்டும். கல்லு உருளும், உடையும். ஆப்பு வடிவக் கட்டை உருளாது. முதலில் லீவர், பிறகு கட்டை, அதற்குப் பிறகுதான் ஆட்கள் பெட்டிக்குக் கிட்டப் போகலாம் என்று உங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கத்தைக் கொண்டு வாருங்கள். ஒரு லீவர், ஒரு கேபிள், இரண்டு கட்டை. பெட்டிக்குச் செலவழித்த காசோடு பார்த்தால் இது சின்னச் செலவு. ஆனால் பெட்டிக்குக் கீழே நிழலுக்கு இருக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய காவல் இல்லை.

படித்ததைச் சரிபார்க்க:

1. ஆணியிலிருந்து கைபிடி 36 சென்ரிமீற்றர், கேபிள் துளை 6 சென்ரிமீற்றர். கையால் 25 கிலோ இழுத்தால் கேபிளில் எவ்வளவு? இரு சில்லுக்கும் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு?

2. அதே லீவரில் கேபிள் 3 சென்ரிமீற்றர் நகர வேண்டுமென்றால் கை எவ்வளவு நகர வேண்டும்?

3. உங்கள் தோட்டத்துப் பெட்டியில் லீவர் எங்கே பூட்டியிருக்கிறது? இயந்திரத்தைக் கழற்றினால் பெட்டி தனியாக நிற்குமா? இன்றே போய்ப் பாருங்கள்.

(விடை: 1. 150 கிலோ, ஒவ்வொன்றுக்கும் 75 கிலோ. 2. 18 சென்ரிமீற்றர். 3. இதன் விடை உங்கள் பெட்டியில் இருக்கிறது.)